கயிறு பிடிக்கிறவர்கள்

எங்கள் கப்பலில் விடியலை முதலாளி வைத்திருக்கிறார். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் சரக்கு ஏற்றிப் போகிற விண்கப்பல் இது. இங்கே ஏது சூரியன், ஏது கிழக்கு. நடைவழி விளக்குகள் மஞ்சளாகிப் பிறகு வெள்ளையாகும்போது காலை என்று அர்த்தம். அந்த விளக்குகளின் பொத்தான் அவர் அறையில் இருக்கிறது. இந்தப் பயணத்தில் அவரே ஏறி வந்ததிலிருந்து காலை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துகொண்டே வந்தது. "இன்னும் விடியலையே" என்று சொல்லக்கூட எங்களுக்கு வழியில்லை. விளக்கு எரிகிறதே, அப்புறம் என்ன பேச்சு.

அன்றைக்கும் கண் எரிய எரியத்தான் எழுந்தோம். கதவறையில் வெளியுடுப்புகள் வரிசையாகத் தொங்கும். கதவறை என்பது கப்பலுக்கு உள்ளேயும் சேராத, வெளியேயும் சேராத சின்ன அறை. இரண்டு பக்கமும் கதவு. உடுப்புக்குள் முந்தைய நாளின் வேர்வை காயாமல் கிடக்கும். காலை நுழைத்தால் சில்லென்று ஒட்டும், ரப்பர் வாடை குமட்டும். முழங்கையில் தோல் உரிந்த இடத்தையே பார்த்து உடுப்பின் மடிப்பு தினமும் உராயும். தண்ணீர்க் குழாயை வாயில் வைத்தால் ஆணியைச் சப்புகிற ருசி.

எங்கள் வேலை, வெளியே போய் வெப்பத் தகடுகளைச் சுரண்டுவது. கப்பலின் முதுகில் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் தகடுகள் நிற்கின்றன. என்ஜினின் சூட்டை வெளியே விடுவது அவைதான். வழியில் ஒட்டுகிற தூசி அந்தச் சூட்டில் வெந்து, கரியாகி, அப்பிக்கொள்ளும். கரி ஏறினால் சூடு வெளியே போகாது. சூடு போகாவிட்டால், வேகத்தைக் குறைக்க என்ஜினைப் போட முடியாது. வேகம் குறையாவிட்டால் சேர வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான், முதலாளியும் நாங்களும். அதனால் சுரண்டு. சத்தமே கேட்காத வேலை இது. சுரண்டியின் அதிர்வு மணிக்கட்டில் ஏறி, தோளில் ஏறி, கடைசியில் பல்லின் வேரில் போய் உட்காரும். முன்பக்கம் வேகும், முதுகு விறைக்கும். இதற்கு மெஷின் கிடையாதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நாங்கள் மலிவு.

இந்த வேலையில் கயிறு பிடிப்பது என்று ஒன்று உண்டு. வெளியே ஒருத்தி சுரண்டினால் அவள் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைக் கதவறையில் இன்னொருத்தி தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பாள். தகடுகளுக்குப் பக்கத்தில் ரேடியோ வெறும் இரைச்சல், பேச்செல்லாம் கயிற்றில்தான். ஒரு சுண்டு சுண்டினால், இருக்கிறேன். இரண்டு சுண்டினால், கயிறு விடு. மூன்று சுண்டினால், இழு. போனவளின் இரண்டு பாதமும் உள்ளே வந்து படுகிறவரை கயிற்றை விடக் கூடாது; தலை போகிற காரியமானாலும் கூடாது. அதை யாரும் எங்களுக்குச் சட்டமாகச் சொல்லவில்லை. வேலைக்கு வந்த அன்றே கை அதைக் கற்றுக்கொண்டது.

எனக்குக் கயிறு பிடித்தவள் ஒட்டகம். அவளுக்கு நான். ஆள் நெடுநெடுவென்று இருப்பாள். தன் பங்குத் தண்ணீரில் பாதியைக் குடிக்காமல் மிச்சம் பிடித்து அடுத்தவர் தலையில் கட்டுவாள். அதனால் அந்தப் பெயர். எனக்கு அவள் வைத்த பெயர் வாயாடி. காரணம் சொல்லத் தேவையில்லை. எத்தனையோ வருஷமாக ஒரே அறையில் மேல் கட்டில், கீழ் கட்டில். அவள் குறட்டை எனக்குத் தாலாட்டு, என் பேச்சு அவளுக்குத் தலைவலி. ஊரில் அவள் மகள் நிறைமாதமாக இருந்தாள். இந்தப் பயணம் முடிந்து பிள்ளைப்பேற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

போன துறைமுகத்தில் முதலாளி இரண்டு கதவறையிலும் கயிற்றுருளை மெஷினை மாட்டினார்.

"கதவுல ஒருத்தி சும்மா நிக்கறா, வெளிய ஒருத்தி வேலை செய்யறா. இது என்ன கணக்கும்மா?" என்றார்.

"சும்மா நிக்கல சார். கயிறு பிடிக்கறோம்."

"அதை இனிமே மெஷின் பிடிக்கும். நீங்க ரெண்டு பேரும் சுரண்டலாம்."

கயிறு இழுபட்டால், ஆள் தள்ளிப் போக இடம் கேட்கிறாள் என்று அந்த மெஷின் புரிந்துகொள்ளும், கயிற்றை விட்டுக்கொடுக்கும். உள்ளே வர வேண்டுமானால் இடுப்பிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். நாங்களும் தலையாட்டினோம். தலைக்குப் புரிந்தது.

அன்று காலை நான் இடது பக்கம், ஒட்டகம் வலது பக்கம். நடுவில் கப்பலின் முதுகு. நான் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தபோது ஓரக்கண்ணில் வெளிச்சம் பட்டது. நிமிர்ந்தால், முதுகுக்கு மேலே, ஆள் நிற்கவே வழியில்லாத உயரத்தில், ஒரு தலைவிளக்கு சுழன்றுகொண்டிருந்தது.  அந்த விளக்கு வேகமாகக் கீழே போய்த் தகட்டில் மோதியதையும் பார்த்தேன். சத்தமில்லை. சத்தம் கேட்டிருந்தால் தேவலை என்று இப்போதும் தோன்றுகிறது.

என்ன நடந்தது என்று பிறகு அவளே சொன்னாள். தகட்டின் விளிம்பில் காந்தப் பூட்ஸ் ஒன்று பிடி விட்டது. கை தானாகக் கயிற்றுக்குப் போனது. மூன்று சுண்டு சுண்டினாள். இழு என்றாள். மெஷின் விட்டது. மறுபடி சுண்டினாள். இன்னும் விட்டது. அவள் இழு இழு என்று சொல்லச் சொல்ல, அது தாராளமாக விட்டுக்கொண்டே இருந்தது. அவள் வெளியே மிதந்துபோய், கயிறு முடிந்த இடத்தில் வெட்டி இழுக்கப்பட்டு, திரும்பி வந்து தகட்டில் விழுந்தாள்.

நான் முதுகேறித் தாண்டி வலது கதவறைக்குள் இறங்கினேன். மெஷினை நிறுத்தினேன். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஒரு சுண்டு சுண்டினேன். பதில் இல்லை. இன்னொரு தரம். உடுப்புக்குள் நான் அழுதுகொண்டிருந்தேன்; அழுதால் முகக் கண்ணாடியை ஆவி மூடிக்கொள்ளும், கண் தெரியாது, அது தெரிந்தும் அழுதேன். "அடியே, சுண்டுடி" என்று கத்தியது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அப்புறம் வந்தது. மெதுவாக, ஒரே ஒரு சுண்டு. பாவி, உயிரோடு இருந்தாள். ஒவ்வொரு பிடியாக இழுத்து உள்ளே சேர்த்தேன்.

கப்பலில் டாக்டர் கிடையாது. செலவைக் குறைக்கும்போது முதலில் போனது அவர்தான். சமையல் மாமாதான் உடுப்பைக் கத்தரித்து, தோளையும் கையையும் அலமாரித் தட்டை உடைத்து எடுத்த பலகையில் வைத்துக் கட்டினார். எலும்பு தோளில் இரண்டு இடத்தில் விட்டிருந்தது. "கத்தும்மா, பரவால்ல" என்றார் மாமா. அவள் கத்தவில்லை. அவர்தான் மூக்கை உறிஞ்சினார்.

முதலாளி எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னார். சுரண்டுகிறவர்களில் நானும், எதிர் அறைப் புருஷன் பெண்டாட்டியும். என்ஜின் அறையிலிருந்து அக்காவும் தம்பியும். உடன்பிறந்தவர்கள் இல்லை, வேலை செய்து அப்படி ஆனவர்கள். சமையல் மாமா. அப்புறம் பைலட் அண்ணன். அவர் முதலாளியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடுவதும் அவரோடுதான்.

"எனக்கு வருத்தம் இல்லைன்னு நினைக்காதீங்க," என்று முதலாளி ஆரம்பித்தார். "நாமெல்லாம் ஒரே கப்பல்ல இருக்கோம்."

"ஒரே கப்பல்தான் சார். நீங்க உள்ள இருக்கீங்க, நாங்க வெளிய இருக்கோம்," என்றேன்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பொத்தானை அமுக்கணும்னு சொல்லிக் கொடுத்தேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அமுக்கினாளா?"

"இல்லை."

"அப்ப யார் தப்பு? நீயே சொல்லு." குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரும்மா, நீ விவரமானவ. அவ கவனக்குறைவா இருந்தான்னு எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லிடு. கம்பெனிக்கு அது வேணும். அடுத்த பயணத்துலேர்ந்து சுரண்டறவங்களுக்கு நீ மேற்பார்வை. வெளிய போகவே வேண்டாம்."

பொய் சொல்வானேன், என் முழங்கை அந்த வேலையைக் கேட்டது. உரிந்த தோல் மடிப்பில் ஒட்டிக்கொண்டு கெஞ்சியது. அதை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டு கேட்டேன். "அவளை என்ன பண்ணப் போறீங்க?"

"எரிபொருளுக்குத் தாவளத்துல நிக்கறோமில்ல, அங்க இறக்கி விட்டுடலாம். கை போனவளை வெச்சுச் சோறு போட முடியுமா? உடம்பு தேறினா ஏதாவது கப்பல்ல தொத்திக்கிட்டு ஊர் போய்ச் சேரட்டும்."

தாவளம் எங்களுக்குத் தெரியும். எரிபொருள் பிடிக்கிற இடைநிலையம். அங்கே இறக்கிவிடப்பட்டவர்களையும் தெரியும். சரக்குப் பெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு, வருகிற கப்பலுக்கெல்லாம் கையேந்தி நிற்பார்கள். கை உடைந்தவளை எவன் ஏற்றுவான்? மகள் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை நடந்து, பேசி, பள்ளிக்கூடம் போனாலும் ஒட்டகம் ஊர் போய்ச் சேர மாட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழுந்து நின்றேன்.

"சொல்றேன் சார், எல்லார் முன்னாலயும் சொல்றேன். அவ பொத்தானை அமுக்கல, கயிறைச் சுண்டினா. உயிர் போற நேரத்துல, அந்த முனையில ஒரு ஆள் இருக்கும்னு நம்பினா. இத்தனை வருஷமா இருந்துச்சு, அதனால நம்பினா. அங்க இருக்க வேண்டிய ஆளு நான். என்னை அங்கேர்ந்து எடுத்தது நீங்க. கவனக்குறைவு யாருதுன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

 பைலட் அண்ணன் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய் ஜாஸ்தி," என்றார் முதலாளி.

"பேரே அதுதான் சார்," என்றான் என்ஜின் தம்பி.

அங்கிருந்து நேராக எங்கள் அறைக்குப் போனோம். ஒட்டகத்தைக் கீழ் கட்டிலில் வாரால் கட்டிப் படுக்க வைத்திருந்தோம். நடந்ததைச் சொன்னேன். முகம் சுருங்கியது. அழவில்லை, மகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

"என்ஜினை நிறுத்திடறேன்," என்று தம்பி குதித்தான். "பேசிக்கிட்டே இருந்தா ஆவாது."

"நிறுத்து ராசா," என்றார் சமையல் மாமா. "அந்த என்ஜின்தானே காத்து மெஷினையும் ஓட்டுது. நாளைக்கு மூச்சுவிட என்ன பண்ணுவ? என் பானைக்குள்ள பிடிச்சா வெச்சிருக்கேன்?"

இதுதான் எங்கள் சங்கடம். தரையில் வேலை செய்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்காரலாம். எங்களுக்கு வாசலுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. கப்பலுக்கு நாங்கள் துரோகம் செய்தால் முதலில் சாவது நாங்கள்.

"எதுக்கு நிறுத்தணும்?" என்றாள் ஒட்டகம். கண்ணை மூடிக்கொண்டுதான் பேசினாள். "வேலையைச் செய்யுங்க. நல்லா செய்யுங்க. ஆனா நம்ம முறைப்படி செய்யுங்க. கயிறு பிடிக்க ஆளில்லாம ஒருத்தரும் வெளிய போகாதீங்க."

எதிர் அறைக்காரன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "சுரண்ட நாங்க மூணு பேருதானே மிச்சம். கயிறுக்கும் நாமளே நின்னா தாவளம் போய்ச் சேர்றதுக்குள்ள முடியாதே அக்கா."

"நான் பிடிக்கறேன்," என்றாள் என்ஜின் அக்கா. "என் வேலை முடிஞ்சு தூங்கற நேரத்துல பிடிக்கறேன்."

"நானும் வரேன்," என்றார் மாமா. "பானையைப் பிடிச்ச கை, கயிறைப் பிடிக்காதா?"

வாசலில் பைலட் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தம்பி முறைத்தான். "என்ன சார், வேவு பார்க்க அனுப்பினாரா?"

அவர் கட்டிலைப் பார்த்துப் பேசினார். "நீ வந்து மோதினப்ப என் சீட்டு ஆடிச்சும்மா. ஏதோ கல்லு பட்டுதுன்னு நினைச்சேன். கல்லுன்னுதான் தோணிச்சு, ஆளுன்னு தோணவே இல்லை." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் கயிறு பிடிக்கத் தெரியாது."

ஒட்டகம் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். "வாயாடி சொல்லிக் கொடுப்பா. காது மட்டும் கொஞ்சம் வலிக்கும் அண்ணே."

மறுநாள் விளக்கு மஞ்சளானபோது நாங்கள் எல்லாரும் கதவறைகளில் நின்றோம். மெஷினிலிருந்து கயிற்றைக் கழற்றியாகிவிட்டது. இடது பக்கம் என் கயிறு பைலட் அண்ணன் இடுப்பில். சீருடைமேல் வெளியுடுப்பு போட்டு மனுஷன் வேர்த்துக்கொண்டிருந்தார். அப்போது உள்கதவுக் கண்ணாடிக்கு வெளியே முதலாளி வந்து நின்றார். காலைச் சாப்பாடு அவர் அறைக்குப் போகவில்லை. கொண்டுபோகிற மாமா வலது பக்கம் கயிறு பிடிக்கப் போயிருந்தார்.

ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. "என்ன கூத்து இது? யாரைக் கேட்டுக் கழட்டினீங்க?"

"வேலைக்குப் போறோம் சார்," என்றேன். "நீங்க சொன்ன வேலைதான். ஒரு தகடு பாக்கி வைக்க மாட்டோம்."

"மெஷினை மாட்டு."

"மாட்டுங்க சார். நீங்க ஒரு தடவை அதுல வெளிய போயிட்டு வாங்க. அப்புறம் நான் போறேன்."

அவர் முகம் கறுத்தது. "பைலட், நீங்க படிச்சவர். இவங்களோட என்ன சகவாசம்?"

பைலட் அண்ணன் கயிற்றை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டார். "சார், தாவளத்துல அந்தம்மாவை இறக்கினா நானும் இறங்கிடுவேன். நாங்க எல்லாரும் இறங்குவோம். கப்பலை நீங்களே ஓட்டிட்டுப் போங்க."

"இறங்குங்க," என்றார் முதலாளி. அந்தக் குரலில் நடுக்கம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். "தாராளமா இறங்குங்க. தாவளத்துல வேலையில்லாம கிடக்கறவன் எத்தனை பேர் தெரியுமா? ஒரு விசில் அடிச்சா உங்க இடத்துக்கெல்லாம் ஆள் வந்துடும். மெஷினைக் கழட்டினதுக்குக் காவல்காரங்களும் வந்துடுவாங்க."

 அவர் சொன்னது உண்மை. பசித்தவன் மெஷின் கயிறா ஆள் கயிறா என்று பார்க்கவா போகிறான். ஆனால் அதற்காக வெளிக்கதவைத் திறக்காமல் இருக்க முடியுமா. திறந்தேன், போனேன், சுரண்டினேன். பைலட் அண்ணன் முதல் நாள் இரண்டு சுண்டுக்கும் மூன்று சுண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல், நான் கயிறு கேட்டபோதெல்லாம் என்னை உள்ளே இழுத்துப் போட்டார். திட்டித் தீர்த்தேன். "தப்பா இழுத்தாலும் இழுக்கறேனில்ல" என்றார். அது சரிதான் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலையே ஒட்டகம் தன்னை ரேடியோ இருக்கிற இடத்துக்குத் தூக்கிப்போகச் சொன்னாள். தாவளத்தின் பொது அலைவரிசையைப் பைலட் அண்ணன் திறந்து கொடுத்தார். என்னைப் பேசச் சொல்வாள் என்று நினைத்தேன். "நீ பேசினா விடியறவரைக்கும் முடியாதுடி" என்று மைக்கை வாங்கிக்கொண்டாள். கப்பலின் பெயரைச் சொன்னாள். கயிற்றைச் சுண்டியதையும் மெஷின் விட்டதையும் சொன்னாள். "எங்க இடத்துக்கு உங்களைக் கூப்பிடுவாங்க. உங்க வயித்துப்பாடு எனக்குத் தெரியும், வராதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா வந்தா, அந்த மெஷினை நம்பி வெளிய போகாதீங்க. உங்களுக்கும் யாராவது கயிறு பிடிக்கணும்." அவ்வளவுதான் அவள் பேசியது.

தாவளம் தூரத்தில் இருந்தது. சொன்னது போய்ச் சேரவும் பதில் வரவும் பொழுதாகும். அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. என்ஜின் அக்கா தூங்காமல் நின்று கயிறு பிடித்து, கண்ணெல்லாம் சிவந்துபோய்க் கிடந்தாள். தகடுகள் ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டு வந்தன. நம்பிக்கை மட்டும் தேய்ந்துகொண்டு வந்தது. தம்பிகூடக் குதிப்பதை விட்டுவிட்டான்.

முதலாளி சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து வரிசையில் நிற்கப் பழகியிருந்தார்.  மாமா அவருக்கும் அதே கரண்டியால் அதே அளவு போட்டார்.

அப்படி எல்லாரும் உட்கார்ந்திருந்த ஒரு மதியம், ரேடியோ கரகரத்தது. பைலட் அண்ணன் அதைக் கூடத்து ஒலிபெருக்கிக்கு மாற்றிவிட்டிருந்தார்.

"தாவளத்துலேர்ந்து பேசறோம்." ஒரு ஆண் குரல். பின்னால் நிறையப் பேர் இருக்கிற சலசலப்பு. "பெட்டி அடுக்கற இடத்துல இருக்கறவங்க பேசறோம். நீங்க சொன்னது வந்துச்சு. எங்களுக்குள்ள பேசி முடிக்கக் கொஞ்சம் நாளாயிடுச்சு, மன்னிச்சுக்கங்க. சண்டை போட்டுத்தான் முடிச்சோம். வேலை வேணும், பொய் சொல்லல. ஆனா நேத்துதான் இன்னொரு கப்பல்லேர்ந்து ஒரு பையனைப் பொட்டலமா இறக்கினாங்க. அதே மெஷின். உங்க கப்பலுக்கு ஆள் கேட்டா இங்கேர்ந்து ஒருத்தரும் ஏற மாட்டோம்."

கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம் ஒரு பெண் குரல், மைக்குக்கு மிக அருகில்.

"அந்த அக்கா இருக்காங்களா? கை எப்படி இருக்கு?"

நான் ஒட்டகத்தைப் பார்த்தேன். இத்தனை நாள் அழாதவள் அழுதுகொண்டிருந்தாள். வாயைத் திறந்து, குழந்தை மாதிரி, வெட்கமில்லாமல். மாமா அவள் தட்டை நகர்த்திவிட்டு மைக்கை முன்னால் வைத்தார்.

"வலிக்குதும்மா," என்றாள் மைக்கில். "செத்த பையன் பேரு என்ன? நீங்க எத்தனை பேரு இருக்கீங்க?"

முதலாளி கரண்டியை வைத்துவிட்டார். "காவல்காரங்க இருக்காங்க. அதை மறந்துடாதீங்க," என்றார்.

"மறக்கல சார்," என்றான் என்ஜின் தம்பி. "சாப்பிடுங்க."

பதில் வரப் பொழுது ஆகும். வேலை மணி அடித்தது. வலது பக்கம் கரி இன்னும் பாக்கி இருந்தது. நான் உடுப்பை எடுக்க எழுந்தேன். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பைலட் அண்ணனும் எழுந்தார்.